மணி நடக்க மறுத்த கதை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு வழியாகப் பால் வாங்கச் செல்லும் அன்பர்கள், சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பார்கள். முப்பத்தாறு வயதுள்ள ரயில்வே குமாஸ்தா ஒருவர் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். மறுமுனையில், ஐந்து கிலோ எடைகூடத் தேறாத வெள்ளை நாய் ஒன்று, முன்கால்களை ஊன்றி, பின்புறத்தைத் தரையில் பதித்து, கழுத்துப்பட்டை காதுவரை ஏறிவிட்ட நிலையில், "உன்னால் ஆனதைப் பார்" என்ற பாவனையோடு உட்கார்ந்திருக்கும். குமாஸ்தா இழுப்பார், நாய் சறுக்கிக்கொண்டு வரும், ஆனால் ஓர் அடிகூட நடக்காது. எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து யாராவது சிரிப்பார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, குமாஸ்தா நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

அந்தக் குமாஸ்தா நான்தான். நாயின் பெயர் மணி.

நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இன்னும் மூன்று குடும்பத்தார் இதே தொல்லையைச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் நாய் வாசற்படியோடு சரி. இன்னொருவர் வீட்டில் சங்கிலியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறதாம். "நீர் பட்ட பாட்டை எழுதும், எங்களுக்கும் உபயோகப்படும்" என்று பத்திரிகைப் பொறுப்பாளர் சொன்னார். நான் நாய் வைத்தியனும் அல்லன், பயிற்சி ஆசிரியனும் அல்லன். மெட்ரிகுலேஷன் படித்துவிட்டுப் பார்சல் ரசீது எழுதிக்கொண்டிருப்பவன். ஆயினும் பட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லுவதில் பிழையில்லை என்று எண்ணுகிறேன்.

மணி எங்களிடம் வந்ததே உத்தியோக மாற்றத்தினால்தான். என்னுடன் வேலை செய்த நண்பருக்கு வடக்கே மாற்றல் ஆயிற்று. மூன்றாம் மாடிக் குடியிருப்பில் அவர் வளர்த்த ஆறு மாதக் குட்டியை, பாமரேனியன் சாயல் கொண்ட அந்த நாயை, என்னிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம் என் தாயார்.

தகப்பனார் காலமான பிறகு, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை இங்கே அழைத்து வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊரில் விடிந்தால் மாட்டுத் தொழுவம், பிறகு களத்துமேடு, மாலையில் கோயில் என்று கால் ஓயாமல் நடந்தவர். இங்கு வந்தபின் மாடியில் இரண்டு அறைகளுக்குள் அடங்கிப் போனார். தெருவில் கன்னடம் பேசுகிறார்கள், தமக்கு வாய் வராது என்று கூச்சம். இத்தனைக்கும் கண்டோன்மெண்ட் காலத்திலிருந்தே தமிழர் குடியிருக்கும் பகுதிகள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. இரண்டு தெரு தாண்டினால் தமிழ் காதில் விழும். அந்த இரண்டு தெருவைத் தாண்டத்தான் அவர் இசையவில்லை. சர்க்கரை வியாதி இருப்பதால் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "எங்கே நடப்பது? யாரோடு நடப்பது?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நாய் வந்தால் அதை நடத்திக்கொண்டு போகும் சாக்கில் தாமும் நடப்பார் என்று கணக்குப் போட்டேன். நடக்கவே நடக்காத நாயாக அது வந்து சேரும் என்பது என் கணக்கில் இல்லை.

நாய் வெளியே போகாவிட்டால் என்ன ஆகும்? மொட்டை மாடிக்குப் போகும். போயிற்று. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் நல்ல மனிதர். வாடகை இரண்டு நாள் தாமதமானாலும் முகம் சுளிக்காதவர். அவருடைய மனைவி மாடியில் அப்பளம் உலர்த்தப் போய், மணி செய்துவைத்திருந்த காரியத்தை மிதித்துவிட்டார். அன்று மாலை வீட்டுக்காரர் மேலே வந்து, மிகவும் மரியாதையாகவே, ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் நாய் காலையும் மாலையும் வெளியே போய்வரப் பழக வேண்டும். இல்லையேல் நாயை வேறு எங்காவது அனுப்பிவிட வேண்டும். இரண்டும் முடியாதென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து வீடு பிடித்தவர்களுக்கு இந்த மூன்றாவது வார்த்தையின் கனம் தெரியும்.

அப்பொழுதுதான் நான் சங்கிலியை இறுக்கிப் பிடித்தேன். மேலே சொன்ன தெரு வேடிக்கை தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்த சமயம், நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள், அப்பாவால் முடியாததைத் தான் செய்து காட்டுவதாக மணியைத் தெருவுக்கு இழுத்துச் சென்றாள். மூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. மணி தலையைப் பின்னுக்கு வாங்கிய வேகத்தில் கழுத்துப்பட்டை கழன்று வந்துவிட்டது. அடுத்த கணம் நாயைக் காணோம். குழந்தையின் கையில் சங்கிலியும் வெறும் பட்டையும் மட்டும் இருந்தன. நான் வேலை முடிந்து பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனில் இறங்கி வரும்போது, மகள் அழுதுகொண்டே எதிரே ஓடி வந்தாள்.

தேடிக்கொண்டு போனவன், இருப்புப்பாதை ஓரம் வரை போக நேர்ந்தது. ஜோலார்பேட்டை மார்க்கம், எந்நேரமும் வண்டி ஓடும் பாதை. ஜல்லிக் கற்களின் சரிவில், வேலிக்கு அப்பால், மணி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. பாதையில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. வண்டி போகும் வரை நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை பெட்டிகள் என்று எண்ணுவது எங்கள் தொழிலில் ஏறிப்போன பழக்கம். அன்றைக்கு எண்ணத் தோன்றவில்லை. வண்டி போன பின் பார்த்தால் மணி அதே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. வேலியைத் தாண்டிப் போய்த் தூக்கி வந்தேன். அனுமதியின்றி இருப்புப்பாதைப் பகுதியில் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று பிறருக்கு எடுத்துச் சொல்லுகிறவன் நான். அன்று செய்தது சரியென்று சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நாயை மடியில் வாங்கிக்கொண்டார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். மயிருக்கு அடியில் சங்கிலி அறுத்த தடம் சிவந்து கிடந்தது.

"ஏண்டா, இது என்ன கோயில் தேரா, வடம் பிடித்து இழுக்க? கன்றுக்குட்டிக்கு முதல் முதலாகக் கயிறு போடுகிற அன்றைக்கு யாராவது இழுப்பார்களா? இழுத்தால் அது காலை ஊன்றத்தான் ஊன்றும். உன் அப்பா எத்தனை கன்றைப் பழக்கினார், நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் லேசான கயிற்றைப் போட்டுவிட்டு, பிடிக்காமல் இரண்டு நாள் அப்படியே உலவ விடுவார். தவிட்டுக் கூடையைக் கொஞ்ச தூரத்தில் வைப்பார். நுகத்துக்குப் பழக்கும்போது, பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, வெறும் கட்டையை இழுக்க விடுவார். பாரம் கடைசியில்தான். இதையெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே, இரும்புச் சங்கிலியை எடுத்துப் பரண்மேல் போட்டார். அன்று முதல் மணியைப் பழக்கும் உத்தியோகம் அம்மாவுக்கு மாறியது. நான் உதவிக் குமாஸ்தா.

எனக்கு மனம் கேட்கவில்லை. புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கும் புத்தி எங்கே போகும்? படித்ததில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லவ் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். மணி அடித்தால் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்ற பாடத்துக்கு உரியவர். அவருடைய ஆராய்ச்சிக்காக நாய்களை ஒரு மேடைமேல் நிறுத்தி, மென்மையான வார்களால் தளர்வாகக் கட்டிவைப்பது வழக்கம். பெரும்பாலான நாய்கள் சில நாட்களில் பழகிவிடும். ஒரு நாய் மட்டும் பழகவே இல்லை. ஆட்களோடு நன்றாகப் பழகும் சாதுவான நாய்தான்; அடித்தவரும் இல்லை. ஆனால் வாரைப் போட்டால் போதும், பரபரப்பு, ஓயாத உமிழ்நீர், ஆராய்ச்சி நின்றுபோயிற்று. பாவ்லவும் அவருடைய துணைவர் குபெர்கிரிட்ஸும் 1917-இல் இதைப் பற்றி எழுதியபோது, இந்த எதிர்ப்புக்கு "சுதந்திர அனிச்சை" என்று பெயர் வைத்தார்கள். உடம்பைக் கட்டுப்படுத்தும் எதையும் உதறுவது பிறவியிலேயே அமைந்த குணம் என்பது அவர்கள் கருத்து. கடைசியில் எப்படி வென்றார்கள் தெரியுமா? அந்த நாய்க்கு மேடைமேல் மட்டுமே உணவு வைத்தார்கள். முதலில் அது சரியாக உண்ணாமல் மெலிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உண்ணத் தொடங்கி, மேடையில் அமைதியாக நிற்கப் பழகியது.

இதை நான் அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, "மெலிய விடுவானேன்? தவிட்டை முதலிலேயே நல்ல தவிடாக வைத்திருக்கலாமே" என்றார். அந்த அறிஞரிடம் இதற்கு என்ன பதில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார்கள். கயிற்றில் நடத்திப் பழக்குவதும் அவர்களுடைய சோதனைகளில் ஒன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பசெஞ்சி இனக் குட்டிகள் கயிற்றோடு போராடின. வேறு இனங்கள் வேறு விதமாக நடந்துகொண்டன. ஆகவே "பக்கத்து வீட்டு நாய் ஒழுங்காக நடக்கிறதே" என்று நம் நாயைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அந்நூலின் முக்கியமான முடிவு வேறொன்று. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை ஒரு குட்டி எதை எதைக் காண்கிறதோ அவற்றோடெல்லாம் எளிதில் உறவு கொள்ளும். அந்தப் பருவத்தில் காணாததைப் பிற்பாடு கண்டால் மருளும். எங்கள் மணி அந்தப் பருவத்தை மூன்றாம் மாடியில் கழித்தது. வெளியே போனதெல்லாம் யாராவது தோளில் சுமந்தபடிதான். ஆட்டோ ரிக்ஷாவும், குப்பை வண்டியின் பாட்டும், தெருநாய்களின் கூட்டமும் அதற்கு அரக்கர் உலகமாகத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்? அதற்குமேல் கழுத்தை ஒருவன் இரும்பால் இறுக்கிக்கொண்டிருந்தால்?

ரயில்வேக்காரர்களுக்குப் புரியும்படி ஒன்று சொல்கிறேன். நீளமான சரக்கு வண்டியைப் பழைய காலத்து எஞ்சின் ஒரே இழுப்பில் கிளப்புவதில்லை. பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளில் சிறிது தளர்வு இருக்கும். முதற்பெட்டி நகர்ந்த பின் இரண்டாவது, அது நகர்ந்த பின் மூன்றாவது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். கொக்கிகள் எல்லாம் விறைத்து நின்றால் எஞ்சின் திணறும். மணியின் கயிற்றிலும் அந்தத் தளர்வு வேண்டியிருந்தது.

இனி அம்மா செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நான்கு நாட்கள் தெருப்பக்கமே போகவில்லை. கழுத்துப்பட்டைக்குப் பதில், மார்பைச் சுற்றி வரும் துணிப்பட்டை ஒன்று வாங்கினோம். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் மென்மையானது; கழுத்தில் இழுபட்டால் இருமலும் திணறலும் வரும் என்று மிருக வைத்தியரும் சொன்னார். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்குமேல் தளர்ந்தால் கழன்றுவிடும், இறுகினால் அக்குளில் புண் வைக்கும். சோற்றுத் தட்டை வைக்கும்போது பட்டையைப் போடுவார். தின்று முடித்ததும் அவிழ்த்துவிடுவார். பட்டையைப் போட்டுத் தின்ன வைக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். பட்டை வந்தால் சோறு வரும் என்று மணி நினைத்துக்கொண்டது. நான்காம் நாள் பட்டையைக் கையில் எடுத்ததும் அது வாலை ஆட்டியது.

பிறகு மூன்று நாட்கள், ஒரு முழப் பருத்திக் கயிற்றைப் பட்டையில் மாட்டி, வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிய விட்டார். கயிறு நாற்காலிக் காலில் மாட்டி நாய் மிரளாமலிருக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும்; இந்த வேலை எனக்கு. அதன் பிறகு அம்மா கயிற்றின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவார். இழுக்க மாட்டார். அவித்த முட்டையில் சுண்டைக்காயளவு ஒரு துணுக்கை இரண்டடி தூரத்தில் காட்டுவார். மணி ஓர் அடி எடுத்து வைத்தால் அக்கணமே கொடுத்துவிடுவார். இந்த "அக்கணமே" என்பது முக்கியம். பத்து விநாடி தாமதித்து நான் கொடுத்தபோது, மணி உட்கார்ந்துவிட்டிருந்தது; ஆகையால் உட்கார்ந்ததற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டு இன்னும் உறுதியாக உட்கார்ந்தது. என்னைத் தற்காலிகமாக உதவிக் குமாஸ்தா பதவியிலிருந்தும் நீக்கினார்கள்.

தின்னக் கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு விஷம். கேசரியில் கிடக்கும் திராட்சையைக் குழந்தைகள் ஆசையாகப் போட்டுவிடுவார்கள், கவனம் வேண்டும்.

வாசல் வரை வந்தாயிற்று. படியிறங்க மறுத்தது. இங்கேதான் அம்மா ஒரு தந்திரம் செய்தார். நாயைத் தூக்கிக்கொண்டு தெருவில் நான்கு வீடு தள்ளிப் போனார். அங்கே இறக்கிவிட்டு, வீட்டை நோக்கித் திரும்பி நின்றார். வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்ற நாய், வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லுமா? குடுகுடுவென்று நடந்தது. டவுன் லைனில் ஓடாத வண்டி அப் லைனில் ஓடியது. மறுநாள் ஆறு வீடு, அதற்கு மறுநாள் தெருமுனை. பத்தாம் நாளில், போகும்போது பாதி வழி தானே நடந்தது.

நடுவில் அது உட்கார்ந்துவிடும் சமயங்களில் அம்மா இழுக்கவும் மாட்டார், தூக்கவும் மாட்டார். கயிற்றைத் தொய்வாக விட்டுவிட்டு, நாயை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி நின்றுகொள்வார். நாம் எதிரே நின்று முறைத்தால் நாய்க்கு அது ஒரு தடை. பக்கத்தில் நின்று, போகும் திசையைப் பார்த்தால் அதுவும் அந்தத் திசையைப் பார்க்கும். சில சமயம் இரண்டு நிமிஷம், சில சமயம் ஐந்து நிமிஷம் அப்படியே நின்றிருக்கிறார். இந்தப் பொறுமை வேலைக்கு ஓடுகிறவனுக்கு வருமா? எனக்கு வந்திருக்காது.

நடக்க மறுப்பதெல்லாம் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. பாதத்தில் முள், நகம் வளர்ந்து மடங்கியிருத்தல், காதுவலி, முழங்கால் சில்லு விலகுதல் (சின்ன நாய்களுக்கு இது அடிக்கடி வரும்) ஆகியவற்றாலும் நடக்காது. நேற்றுவரை நடந்த நாய் இன்று திடீரென்று நின்றால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலை சுடும். புறங்கையை ஐந்து விநாடி சாலையில் வைக்க நமக்கே முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. தீபாவளி வாரத்தில் பாடம் நடத்தவே வேண்டாம்.

தெருநாய்களின் விஷயமும் உண்டு. பெங்களூரில் 2023-இல் அப்போதைய மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 2.79 லட்சம் இருந்தன. எங்கள் தெருவில் அவற்றில் ஐந்து. அவை மணியைச் சூழ்ந்தால் அம்மா என்ன செய்வார் என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அம்மா முதல் வாரம் முழுவதும், மணி இல்லாமல் தாம் மட்டும் போய் அந்த ஐந்துக்கும் பழைய சோறு வைத்தார். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சோறு வைக்கும் இடம் குறித்து அண்டை வீட்டாருக்கு ஆட்சேபணை வரலாம். நாங்கள் அவசியம் செய்தது வேறு: மணிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட பின்பே தெருவில் இறக்கினோம். மூன்று மாதமான குட்டிக்கு முதல் ஊசி. பிறகு வைத்தியர் குறிக்கும் தவணைகளில் தவறாமல். மனிதரை எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

"நடக்காவிட்டால் போகட்டும், கட்டிப்போட்டே வளர்ப்போம்" என்று சொல்லும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம்; எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்குத் தக்கபடி உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதும் குற்றம். அந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் நம் கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபை உறுப்பினராக இருந்து வாதாடியவர். 1962-இல் மிருக நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவு கூர்கிறோம்.

நாயைப் போற்றுவது மேனாட்டு நாகரிகம் என்று என் மைத்துனர் கேலி செய்வார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. மாடு பிடித்த சண்டையில் இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயின் பெயரையும் அதில் பொறித்து, உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். நாம் குடியேறிய இந்த நாட்டிலும் அதற்கு ஈடு உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனை, "வேண்டுவதைக் கேள்" என்று கங்க மன்னன் பூதுகன் சொன்னான். ஊரையோ பொன்னையோ அவன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்தக் காளி பின்னர் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மாண்டது. அதற்காக நட்ட கல்தான் அது. தக்கோலத்தில் தோற்றது நம்மவர்கள் என்பதால் எனக்கு அந்தக் கல்மேல் சிறிது மனத்தாங்கல் உண்டு, நாயின்மேல் இல்லை.

வீட்டுக்காரர் கொடுத்த தவணை முடிய நான்கு நாட்கள் இருந்தபோது, ஒருநாள் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்பினேன். தெருமுனையில், பனியில், அம்மா தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் அடுத்த தெருவைச் சேர்ந்த கன்னடக்காரப் பாட்டி ஒருவர். மணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. நான் தொலைவிலேயே நின்றுவிட்டேன். மணி அம்மாவின் பேச்சைக் கேட்டு எழவில்லை போலும். அம்மா பொறுமையிழந்து கயிற்றை லேசாகச் சுண்டினார். உடனே அந்தப் பாட்டி, "எளீபேடா, எளீபேடா" என்று அவர் கையைப் பிடித்தார். இழுக்காதே என்று பொருள். பிறகு குனிந்து, "பாரோ மணி, பாரோ" என்று அழைத்தார். மணி எழுந்து நடந்தது.

"அவர்களும் ஊரில் மாடு வைத்திருந்தவர்களாம்" என்று அம்மா வீட்டுக்கு வந்ததும் சொன்னார். எந்தப் பாஷையில் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்கவும் பதில் சொல்லவும் இப்போது பழகிவிட்டார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதில் தொடங்கினால் மற்றதெல்லாம் தானே வரும் என்கிறார். என் மனைவியோ, "அத்தை எட்டு மணிக்குத்தான் திரும்புகிறார், காபி ஆறிப்போகிறது" என்று என்னிடம் குறைப்படுகிறாள். சென்ற மாதம் சர்க்கரையைச் சோதித்தபோது டாக்டர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

மொட்டை மாடி சுத்தமாகிவிட்டது. வீட்டுக்காரர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி மணிக்கு என்று தினமும் ஒரு சப்பாத்தி எடுத்து வைக்கிறார். மணி இன்னும் சில நாள் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிறது, குப்பை வண்டி வரும் வேளையில் நிச்சயம். தெருவில் அது செய்ததை அள்ளுவதற்குப் பழைய செய்தித்தாளும் ஒரு பையும் எடுத்துப் போகிறோம். இதை எழுதத் தயங்கினேன், ஆனால் நம்மில் பலர் இதைச் செய்வதில்லை.

வைகாசியில் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, தகப்பனாரின் திதி. மணியையும் அழைத்துப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதம். முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் எடுத்தாலொழிய நாயை உடன் வைத்துக்கொள்ள இயலாது. நம் போன்றவர்கள் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் புக் செய்ய வேண்டும். வழியில் குடிக்கத் தண்ணீரும் தின்னும் பொருளும் நாமே கொடுத்தாக வேண்டும். எத்தனையோ பேருக்கு இந்த விதியை எடுத்துச் சொல்லி ரசீது எழுதியவன் நான். நாய்க்குக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் இருக்க வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. ஆகையால் பரண்மேல் கிடந்த சங்கிலியை நேற்று இறக்கினேன். அம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, இதைவிட மெலிந்ததாக வேறொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். வைகாசிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. சோற்றுத் தட்டின் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.